திரை நேரம்: குழந்தையின் நாளில் அது எதன் இடத்தைப் பிடிக்கிறது?

தடுப்பூசி போட வரும் பெற்றோர் குழந்தை மருத்துவரிடம் இப்போது தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பார்க்க விடலாம், டாக்டர்?" இதற்கு எண்களாலேயே விடை சொல்லும் வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் வெளியிட்ட பரிந்துரையின்படி, இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. இரண்டு வயதுக்குள் உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ அழைப்பைத் தவிர வேறு எந்தத் திரையும் கூடாது. ஐந்து வயது வரை பெரியவர் ஒருவர் உடனிருக்க, அதிகபட்சம் ஒரு மணி நேரம். ஐந்து முதல் பத்து வயது வரை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. செல்போன், டேப்லெட், டிவி, கணினி என எந்தத் திரையாக இருந்தாலும் அதன் முன் உட்கார்ந்தோ படுத்தோ கழிக்கும் நேரம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். 'அவன் போனைத் தொடவே மாட்டான், டிவியில் ரைம்ஸ் மட்டும்தான் பார்ப்பான்' என்ற சமாதானத்துக்கு இங்கே இடமில்லை.

இந்த எண்களைக் கேட்டதும் சில பெற்றோருக்குக் குற்ற உணர்வும், வேறு சிலருக்கு 'நடக்கிற காரியமா இது' என்ற சலிப்பும் வருகின்றன. இரண்டுக்கும் காரணம், எண் எங்கிருந்து வந்தது என்பதை யாரும் விளக்காததுதான். 60ஆவது நிமிடம் வரை தீங்கற்றதாக இருந்த திரை 61ஆவது நிமிடத்தில் குழந்தையைக் கெடுத்துவிடும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. திரையால் வரும் தீமைகளில் பெரும்பகுதி, அது குழந்தையின் நாளில் எதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. ஆய்வாளர்கள் இதனை இடப்பெயர்ப்பு என்பார்கள். இந்த ஒரு கருத்து பிடிபட்டுவிட்டால், தூக்கம், பேச்சு, கண், எடை, அடம் என்று தனித்தனியாகக் கேள்விப்படும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் ஒரே நூலில் கோர்க்கப்பட்டவை என்பது தெரியவரும்.

இரண்டு வயதுக் குழந்தையின் ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பகல் தூக்கத்தையும் சேர்த்து அதற்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மேற்சொன்ன உலக சுகாதார நிறுவனப் பரிந்துரையே கூறுகிறது. 12 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். குளிப்பாட்டுவது, உடுத்துவது, மூன்று வேளை ஊட்டுவது, இடையில் பாலும் பழமும் கொடுப்பது என்று நான்கு மணி நேரம் போய்விடும். ஓடி ஆடித் திரிய மூன்று மணி நேரமாவது வேண்டும் என்பதும் அதே பரிந்துரை. மிச்சம் ஐந்து மணி நேரம். பாத்திரத்தை உருட்டுவது, பாட்டியின் மடியில் கதை கேட்பது, வாசலில் போகும் மாட்டைப் பார்த்து 'அம்பா' என்பது, எதுவும் செய்யாமல் தரையில் கிடந்து மின்விசிறியைப் பார்ப்பது எல்லாமே இந்த ஐந்து மணி நேரத்துக்குள்தான் நடந்தாக வேண்டும். இதில் மூன்று மணி நேரம் போனுக்குப் போனால் பாதிக்கு மேல் போயிற்று. நடைமுறையில் இந்த ஐந்து மணி நேரம் மட்டும் குறைவதில்லை. தூக்கமும் ஓட்டமும்கூடச் சேர்ந்தே குறைகின்றன.

பேச்சு எங்கிருந்து வருகிறது

இடப்பெயர்ப்பு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் மொழி. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்ரிசியா கூல் தம் குழுவினருடன் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இங்கே சற்று விரிவாகச் சொல்வது பயன் தரும். ஆங்கிலம் மட்டுமே பேசும் வீடுகளில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். சீன மொழியான மாண்டரின் பேசுவோர் அக்குழந்தைகளுடன் தரையில் அமர்ந்து, பொம்மைகளைக் காட்டியும் படப் புத்தகம் படித்தும் ஒவ்வொரு முறையும் 25 நிமிடம் என 12 முறை பேசினார்கள். இன்னொரு குழுவுக்கு அதே மனிதர்கள், அதே பொம்மைகளுடன், அதே சொற்களைப் பேசுவது வீடியோவாகக் காட்டப்பட்டது. பிறகு மாண்டரினில் மட்டும் உள்ள இரண்டு ஒலிகளுக்கு இடையேயான வேறுபாட்டைக் குழந்தைகள் பிரித்தறிகிறார்களா என்று சோதித்தார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் தைவானில் அந்த மொழியிலேயே வளரும் குழந்தைகளுக்கு இணையாகப் பிரித்தறிந்தார்கள். வீடியோவில் கேட்டவர்கள், அந்த மொழியைக் காதிலேயே வாங்காதவர்களைப் போலத்தான் இருந்தார்கள்.

ஒலி ஒன்றே, முகமும் ஒன்றே. பிறகு ஏன் இந்த வேறுபாடு? நேரில் பேசும் மனிதர் குழந்தையின் கண் போகும் திசையைப் பார்த்து, அது எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுகிறார். குழந்தை 'ங்' என்றால் நிறுத்திப் பதில் சொல்கிறார். அது முகம் திருப்பினால் குரலை மாற்றுகிறார். திரையில் இருப்பவர் குழந்தை சிரித்தாலும் அழுதாலும் ஒரே மாதிரி பேசிக்கொண்டே போகிறார். ஏறக்குறைய இரண்டரை வயது வரை, திரையில் பார்த்ததை நேரில் பார்த்ததைப் போலக் கற்றுக்கொள்ளும் திறன் குழந்தைகளிடம் குறைவாகவே இருக்கிறது என்பதைப் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டதற்கும் இதுவே அடிப்படை. 24 முதல் 30 மாதக் குழந்தைகளை வைத்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், தங்களுக்குப் பதில் சொல்லும் ஆளிடமிருந்து வீடியோ அழைப்பின் வழியே அவர்கள் புதிய வினைச்சொற்களைக் கற்றார்கள். பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்கவில்லை. துபாயிலிருந்து அழைக்கும் அப்பாவோ, கனடாவிலிருந்து கூப்பிடும் அத்தையோ குழந்தையின் பெயரைச் சொல்லி, அது காட்டும் பொம்மையைப் பார்த்துப் பேசுவது தீங்கல்ல என்பதற்கு இது போதுமான ஆதாரம்.

குழந்தை பார்க்காத டிவியும் இதில் சேரும் என்பதைப் பலர் அறிவதில்லை. மாலை ஆறு மணிக்குத் தொடங்கி இரவு பத்து வரை கூடத்தில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும். குழந்தை அதைப் பார்ப்பதில்லை, ஒரு மூலையில் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே தொல்லை இல்லை என்று நினைக்கிறோம். டிமிட்ரி கிறிஸ்டாகிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் தம் குழுவினருடன் 2009இல் வெளியிட்ட ஆய்வில், சிறு குழந்தைகளின் உடையில் சிறிய ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி, நாள் முழுவதும் அவர்கள் காதில் விழும் பேச்சை அளந்தார்கள். டிவி ஒலி கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குழந்தை பெரியவர்களிடமிருந்து கேட்கும் சொற்கள் சராசரியாக 770 குறைந்திருந்தன. குழந்தை எழுப்பும் ஒலிகளும் குறைந்தன. டிவி குழந்தையின் வாயை அடைக்கவில்லை. பெரியவர்களின் வாயை அடைத்தது, குழந்தைக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் போனது.

போனைக் காட்டிச் சோறு ஊட்டுவதையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். தட்டு ஒரு கையிலும் போன் மறு கையிலுமாக அம்மா உட்கார்ந்திருக்க, குழந்தை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயை மட்டும் திறக்கிறது. பத்தே நிமிடத்தில் தட்டு காலியாகிறது. இதை ஒருமுறையாவது செய்யாத வீடு இன்று அரிது, வேலைக்குப் போகும் அவசரத்தில் செய்பவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆயினும் அந்தப் பத்து நிமிடத்தில் என்ன போனது என்று பார்க்கலாம். 'சூடா இருக்கு, ஊதிக்கோ', 'இது பருப்பு', 'போதுமா, இன்னும் வேணுமா' என்ற பேச்சு போனது; கையால் பிசைந்து, சிந்தி, தானே எடுத்து வாயில் வைக்கும் பழக்கம் போனது; எல்லாவற்றுக்கும் மேலாக, வயிறு நிறைந்துவிட்டது என்பதைக் குழந்தை தானே உணர்ந்து முகம் திருப்பும் அந்தக் கணம் போனது. நிலாவைக் காட்டி ஊட்டுவதும் கவனத்தைத் திருப்புவதுதானே என்று கேட்கலாம். நிலா காட்டும்போது அம்மா பேசிக்கொண்டே இருந்தாள் என்பதுதான் வேறுபாடு.

தூக்கம்

இருட்டத் தொடங்கியதும் மூளையில் மெலட்டோனின் என்ற சுரப்பு கூடி, உடலுக்குத் தூங்கும் நேரம் வந்ததைத் தெரிவிக்கிறது. கண்ணில் படும் ஒளி அந்தச் சுரப்பைத் தடுக்கிறது. சிறு குழந்தைகளிடம் இந்த விளைவு பெரியவர்களிடம் காண்பதைவிட வலுவானது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2018இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், மழலையர் பள்ளி வயதுக் குழந்தைகள் தூங்கும் நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் பிரகாசமான ஒளியில் விளையாடியபோது அவர்களின் மெலட்டோனின் ஏறக்குறைய 88 சதவீதம் குறைந்தது. அந்த ஒளி செல்போன் திரையைவிடப் பல மடங்கு பிரகாசமான விளக்கு மேசையிலிருந்து வந்தது என்பதைச் சேர்த்துச் சொல்வதே நேர்மை; போனும் அதே அளவு குறைக்கும் என்று அந்த ஆய்விலிருந்து முடிவு கட்ட முடியாது.

ஒளியைவிட எளிய காரணம் ஒன்று இருக்கிறது. ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டிய குழந்தை பத்தரை மணி வரை பார்த்துக்கொண்டிருந்தால், ஒன்றரை மணி நேரத் தூக்கம் நேராகவே கழிகிறது; பள்ளி வேன் வரும் நேரம் மாறுவதில்லை. அதோடு, துரத்தலும் வெடிச்சத்தமும் நிறைந்த காட்சியைப் பார்த்த மனம் விளக்கை அணைத்ததும் அடங்கிவிடாது. தூக்கம் குறைந்த பெரியவர் மறுநாள் சோர்ந்து கிடப்பார். குழந்தை அப்படியல்ல; அது பரபரக்கும், எரிச்சல்படும், சின்னதற்கெல்லாம் அழும், வகுப்பில் கவனம் நிலைக்காது. இதைப் பார்த்துவிட்டு 'ரொம்பத் துறுதுறுன்னு இருக்கான்' என்று அமைதிப்படுத்த மாலையில் மீண்டும் போனைக் கையில் கொடுப்பது பல வீடுகளில் நடக்கும் சுழற்சி. என் பார்வையில், திரையைப் பற்றி ஒரே ஒரு விதியைத்தான் ஒரு வீடு கடைப்பிடிக்க முடியும் என்றால், அது படுக்கையறைக்குள் எந்தத் திரையும் வராமல் பார்த்துக்கொள்வதாக இருக்க வேண்டும். பெரியவர்களின் போனும் இரவில் கூடத்தில்தான் சார்ஜ் ஏற வேண்டும் என்பதும் அதில் அடங்கும். அலாரத்துக்குப் போன் வேண்டுமே என்பவர்கள் ஒரு சிறிய அலாரக் கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம்.

கண்ணும் வெயிலும்

கண்ணைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் தவறான பக்கம் போகிறது. திரையிலிருந்து வரும் நீல ஒளி விழித்திரையைக் கெடுத்துவிடும் என்று அஞ்சிக் குழந்தைக்கு நீல ஒளி தடுப்புக் கண்ணாடி வாங்கிப் போடுகிறார்கள். திரை ஒளியால் கண்ணுக்குக் கேடு வருகிறது என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்றும், அத்தகைய கண்ணாடியைத் தாங்கள் பரிந்துரைப்பதில்லை என்றும் அமெரிக்கக் கண் மருத்துவர்களின் அமைப்பு தெளிவாகவே சொல்லியிருக்கிறது. உண்மையில் நடப்பவை வேறு. திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைகிறது. கண் உலர்ந்து, எரிந்து, குழந்தை கசக்கிக்கொண்டே இருக்கிறது. இது இளைப்பாறினால் சரியாகும். சரியாகாதது கிட்டப்பார்வை.

குழந்தையின் கண்விழி உடலோடு சேர்ந்து வளர்கிறது. அது அளவுக்கு மீறி நீளவாக்கில் வளர்ந்துவிட்டால், தொலைவில் உள்ள பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது; கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது. நீண்ட விழி மீண்டும் சுருங்குவதில்லை. இந்த நீட்சிக்குப் பரம்பரையோடு இரண்டு காரணங்கள் சேர்கின்றன: வெகு நேரம் மிக அருகில் பார்ப்பது ஒன்று, போதிய பகல் வெளிச்சம் கண்ணில் படாதது மற்றொன்று. பகல் ஒளி விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கச் செய்து விழியின் நீட்சியைக் கட்டுப்படுத்துகிறது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். நன்றாக விளக்கெரியும் அறையில் ஒளியின் அளவு சில நூறு லக்ஸ்தான். வெளியே மரநிழலில்கூட அது சில ஆயிரங்களைத் தொடும்.

சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் இதைச் சோதித்தார்கள். பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு நாள்தோறும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு ஒன்று கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. மற்றப் பள்ளிகளில் வழக்கமே தொடர்ந்தது. மூன்று ஆண்டுகளில் வழக்கமான பள்ளிகளில் 39.5 சதவீதக் குழந்தைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளிப்புற வகுப்பு நடந்த பள்ளிகளில் 30.4 சதவீதம். 2015இல் வெளியான இந்த முடிவில் கவனிக்க வேண்டியது, யாரும் யாரிடமிருந்தும் திரையைப் பிடுங்கவில்லை என்பது. வெயிலைச் சேர்த்தார்கள், அவ்வளவே. தைவான் அரசு 2010 முதல் பள்ளிக் குழந்தைகளை நாள்தோறும் 120 நிமிடம் வெளியே இருக்கச் செய்யும் திட்டத்தை நடத்தி, அதுவரை ஏறிக்கொண்டே வந்த பார்வைக் குறைபாட்டு விகிதத்தை இறங்குமுகமாக்கியது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊர்களில் குழந்தைகள் கண்ணாடி போடும் வயது குறைந்துகொண்டே வருவதற்கு, தெருவில் விளையாட முடியாத நிலையும் டியூஷனும் போனுக்கு இணையான காரணங்கள். வேறு வழியில்லாதபோது, கையில் பிடித்த போனைவிட எட்டடி தள்ளி இருக்கும் டிவி கண்ணுக்கு மேல்.

எடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் தாமஸ் ராபின்சன் நடத்தி 1999இல் வெளியான ஆய்வில், ஒரு பள்ளியின் மூன்றாம், நான்காம் வகுப்பு மாணவர்களுக்கு டிவி, வீடியோ, வீடியோ விளையாட்டு ஆகியவற்றைக் குறைப்பதற்கான பாடங்களை ஆறு மாதங்கள் நடத்தினார்கள். இன்னொரு பள்ளியில் நடத்தவில்லை. பாடம் கேட்ட குழந்தைகளின் எடை ஏற்றம் மற்றவர்களைவிடக் குறைந்தது. ஆனால் அவர்கள் அதிகமாக ஓடியாடியதாக அளவீடுகள் காட்டவில்லை. டிவியின் முன் உட்கார்ந்து சாப்பிட்ட வேளைகள் குறைந்ததாகவே காட்டின. அதே மாணவர்களிடம் சக மாணவர்கள் கண்ட முரட்டுத்தனமும் குறைந்தது என்று 2001இல் அந்தக் குழு தெரிவித்தது. திரையைக் குறைத்தால் நடத்தை மாறுகிறது என்பதற்கு, வெறும் தொடர்பைத் தாண்டிய சோதனைச் சான்றுகள் அரிதாகவே உண்டு. இது அவற்றில் ஒன்று.

அடமும் அழுகையும்

நடத்தையைப் பற்றிப் பேசும்போது பெற்றோர் சொல்வது பெரும்பாலும் ஒரே காட்சியைத்தான். போனை வாங்கியதும் குழந்தை தரையில் விழுந்து புரள்கிறது, அம்மாவை அடிக்கிறது, தலையைச் சுவரில் மோதுகிறது. திருப்பிக் கொடுத்ததும் ஒரு நொடியில் அடங்குகிறது. இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன.

முதலாவது, அந்தக் காணொளிகள் முடியாமல் ஓடும்படி அமைக்கப்பட்டவை. முன்பு டிவியில் அரை மணி நேர நிகழ்ச்சி முடிந்தால் செய்தி வந்துவிடும். குழந்தை எழுந்து போய்விடும். இப்போது ஒன்று முடிவதற்குள் அடுத்தது தானாகவே தொடங்குகிறது. எழுந்து போவதற்கான இயல்பான இடைவெளி எங்குமே இல்லாததால், எந்த நேரத்தில் வாங்கினாலும் குழந்தைக்கு அது பாதியில் பிடுங்கியதாகவே படுகிறது. அடுத்தது தானாக ஓடும் வசதியை அமைப்புகளுக்குள் போய் நிறுத்திவிடுவதும், 'இந்தப் பாட்டு முடிந்ததும் மூடுகிறோம்' என்று முன்கூட்டியே சொல்லிக் குழந்தையின் கையாலேயே மூட வைப்பதும் இந்தப் போராட்டத்தைப் பெருமளவு தணிக்கும். வேகமும் கணக்கில் வரும். நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேரை வைத்து 2011இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், காட்சிகள் மின்னல் வேகத்தில் மாறும் கார்ட்டூனை ஒன்பது நிமிடம் பார்த்தவர்கள், நிதானமான கல்வி நிகழ்ச்சியைப் பார்த்தவர்களையும் படம் வரைந்தவர்களையும்விட, உடனடியாக நடந்த சுயக்கட்டுப்பாட்டுச் சோதனைகளில் பின்தங்கினார்கள். அந்த விளைவு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது வேறு கேள்வி. ஆனால் பாடம் எழுத உட்காரும் முன் எதைப் பார்க்க விடுகிறோம் என்பதை யோசிக்க இது போதும்.

இரண்டாவது விஷயம் நுட்பமானது, என் கருத்தில் அதுவே முக்கியமானது. குழந்தை அழும்போதெல்லாம் போனைக் கொடுத்து அமர்த்தினால் அழுகை நிற்கிறது. ஆனால் அழுகையிலிருந்து தானாகத் தேறி வரும் பயிற்சியும் அங்கே நின்றுவிடுகிறது. அந்தப் பயிற்சியைக் குழந்தை பிறவியில் கொண்டுவருவதில்லை. யாரோ தூக்கி முதுகைத் தடவி, 'கோபம் வந்துருச்சா' என்று அதன் உணர்ச்சிக்குப் பெயர் சொல்லி, சற்றுக் காத்திருந்து, மெல்ல அடங்க வைத்த நூறு தடவைகளுக்குப் பிறகே அது தானாக அடங்கக் கற்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவர் ஜென்னி ரடெஸ்கி குழுவினர் மூன்று முதல் ஐந்து வயதுள்ள குழந்தைகளின் பெற்றோர் 422 பேரிடம் ஆறு மாத காலத்தில் மீண்டும் மீண்டும் தகவல் திரட்டி 2022இல் வெளியிட்ட ஆய்வில், அமைதிப்படுத்தக் கருவியை அடிக்கடி கொடுத்த வீடுகளில் பிற்பாடு உணர்ச்சிக் கொந்தளிப்பு அதிகரித்திருந்தது. ஆண் குழந்தைகளிடமும், இயல்பிலேயே துடிப்பு மிகுந்த குழந்தைகளிடமும் இது கூடுதலாகத் தெரிந்தது. எந்தக் குழந்தையை அமர்த்துவது கடினமோ அதற்கே போன் அதிகம் கிடைக்கிறது, அதற்கே அது அதிகம் தீங்கும் செய்கிறது.

வளர்ந்த பிள்ளைகளின் விஷயத்தில் 'போன் அடிமை' என்ற சொல்லை எளிதாகப் பயன்படுத்துகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில், வீடியோ விளையாட்டுக் கோளாறு ஒரு நோயாக இடம்பெற்றிருப்பது உண்மை. ஆனால் அதற்கான வரையறை கடுமையானது: விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம், தீங்கு தெரிந்தும் தொடர்வது ஆகியவை படிப்பையும் உறவையும் குலைக்கும் அளவுக்கு, பொதுவாக 12 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். விடுமுறையில் நாள் முழுவதும் விளையாடும் பதிமூன்று வயதுப் பையன் இந்த வரையறைக்குள் பெரும்பாலும் வரமாட்டான்.

ஆய்வுகளை எவ்வளவு நம்புவது

திரை பற்றிய ஆய்வுகளில் பெரும்பான்மை, அதிகம் பார்க்கும் குழந்தைகளிடம் ஒரு குறை அதிகமாகக் காணப்படுகிறது என்று சொல்பவை. அதிகம் பார்த்ததால் குறை வந்ததா, அல்லது பேச்சு தாமதமான, அடம் மிகுந்த குழந்தையைச் சமாளிக்கத் திரை அதிகம் கொடுக்கப்பட்டதா என்பதை அவற்றால் சொல்ல முடியாது. வீட்டில் உதவிக்கு ஆளில்லாமை, ஒற்றை அறை வாடகை வீடு, இரட்டை ஷிப்டு வேலை ஆகியவை திரை நேரத்தையும் கூட்டும், குழந்தையின் வளர்ச்சியையும் தொடும். கனடாவின் கால்கரி நகரில் ஷெரி மேடிகன் குழுவினர் 2,441 தாய்மாரையும் குழந்தைகளையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சிக்கலை ஓரளவு அவிழ்த்தது: இரண்டு, மூன்று வயதுகளில் இருந்த கூடுதல் திரை நேரம் பிற்கால வளர்ச்சிச் சோதனைகளில் குறைந்த மதிப்பெண்ணை முன்னறிவித்தது, ஆனால் குறைந்த மதிப்பெண் பிற்காலத் திரை நேரத்தை முன்னறிவிக்கவில்லை.

மறுபுறம், ஏமி ஓர்பென், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி என்ற இரு பிரிட்டன் ஆய்வாளர்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்ம வயதினரின் தரவுகளை ஆராய்ந்து, அவர்களின் மனநல வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாட்டால் விளக்கக்கூடியது அதிகபட்சம் 0.4 சதவீதம்தான் என்று அதே 2019இல் காட்டினார்கள். அந்தத் தரவில் கண்ணாடி அணிவதுகூட மனநலத்தோடு அதைவிட வலுவான எதிர்மறைத் தொடர்பைக் கொண்டிருந்தது. இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றலாம். வயதை வைத்துப் பார்த்தால் முரண் பெரிதில்லை. இரண்டு வயதில் நாளின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மாற்று இல்லாத வேலை இருக்கிறது. பதினைந்து வயதில் போன் என்பது நண்பர்களோடு பேசுவதும், பாடம் கேட்பதும், பிறரோடு தன்னை ஒப்பிட்டு வருந்துவதும் எல்லாம் சேர்ந்த ஒன்று; அத்தனையையும் ஒரே எண்ணாகக் கூட்டினால் நல்லதும் கெட்டதும் கலந்து கணக்கில் கரைந்துவிடும். ஆகவே சின்னஞ்சிறு வயதில் நேரத்தைப் பற்றிக் கண்டிப்பாகவும், வளர்ந்த வயதில் எதைப் பார்க்கிறார்கள், யாருடன் பேசுகிறார்கள், எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள் என்பதைப் பற்றி அக்கறையாகவும் இருப்பதே பொருத்தம். பள்ளியே வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்பும் காலத்தில், மணிக்கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு பத்தாம் வகுப்பு மாணவியிடம் வாதிடுவதில் பயனில்லை.

குழந்தையின் திரையைப் பற்றிப் பேசும் எவரும் பெற்றோரின் திரையை விட்டுவிட முடியாது. எட்வர்ட் டிரோனிக் என்ற உளவியலாளர் 1970களில் செய்த ஒரு சோதனை இன்றும் காட்டப்படுகிறது. சில மாதக் குழந்தையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த தாய், சொல்லிவைத்தபடி சட்டென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் இரண்டொரு நிமிடம் இருக்கிறார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, கத்திக் கூப்பிடுகிறது. எதற்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறது. அந்தச் சோதனை நடந்த காலத்தில் செல்போன் இல்லை. ஆனால் செய்திகளைத் தள்ளிக்கொண்டே இருக்கும் பெரியவரின் முகம் குழந்தைக்கு எப்படித் தெரியும் என்பதை அது காட்டுகிறது.

கடைசியாக, பெரும் குழப்பம் நிலவும் ஒரு விஷயம். 'போன் பார்த்ததால் ஆட்டிசம் வந்துவிட்டது' என்ற செய்தி பகிரப்பட்டுக்கொண்டே இருக்கிறது. திரை ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்பது நிறுவப்படவில்லை. ஆட்டிசம் பெரும்பாலும் மரபணுவோடும் பிறப்புக்கு முந்தைய மூளை வளர்ச்சியோடும் தொடர்புடையது. அளவுக்கு மீறிய திரையால் பேச்சும் கண் பார்த்துப் பழகுவதும் தாமதமான ஒரு குழந்தை, வெளிப்பார்வைக்கு ஆட்டிசம் உள்ள குழந்தையைப் போலத் தோன்றக்கூடும். போனை நிறுத்தியதும் அது தேறவும் கூடும். இதை வைத்து, பேச்சு வராத எந்தக் குழந்தையின் வீட்டிலும் 'போனை நிறுத்திவிட்டோம், ஆறு மாதம் பார்ப்போம்' என்று காத்திருப்பதுதான் ஆபத்து. 12 மாதத்தில் மழலை ஒலி இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 24 மாதத்தில் 'அம்மா வா' போல இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, அல்லது பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை இழந்துவிட்டது என்றால், திரையை நிறுத்துவதும் மருத்துவரைப் பார்ப்பதும் ஒரே வாரத்தில் நடக்க வேண்டும். மருத்துவர் முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்வார். பேச்சுத் தாமதத்துக்குக் கேட்புக் குறைபாடு முக்கியக் காரணங்களுள் ஒன்று, அதையும் போனின் மேல் பழிபோட்டுத் தவறவிடுவது உண்டு. அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் அமைக்கப்பட்டுள்ள தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் கேட்புச் சோதனை, வளர்ச்சி மதிப்பீடு, பேச்சுப் பயிற்சி ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் கேட்டாலே அங்கே அனுப்பிவைப்பார்கள்.